ஓதம் காட்டிய கடிகாரங்கள்: பெயர் மங்கிய கைவினைஞர்களும் அறிவின் சங்கிலியும்

கடிகாரம் என்றவுடன் சூரியனை ஒட்டிய நேரத்தைக் காட்டும் கருவியையே நாம் எண்ணுகிறோம். ஆனால் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் துறைமுக நகரங்களில் செய்யப்பட்ட சில கடிகாரங்கள் ஒரே முகப்பில் இரண்டு நேரங்களைக் காட்டின. ஒன்று, கடைவீதிக்கும் தொழுகைக் கூடத்திற்கும் உரிய சூரிய நேரம். மற்றொன்று, கப்பலுக்கும் கடலுக்கும் உரிய சந்திர நேரம். இரண்டாவதைக் காட்டிய பகுதியே ஓத முகப்பு. குறிப்பிட்ட துறையில் அன்று கடல்நீர் எந்த மணிக்கு உச்சமாக ஏறும் என்பதை அது வீட்டின் கூடத்தில் நின்றவாறே அறிவித்தது.

பிறையைக் கொண்டு மாதங்களைக் கணக்கிடும் ஒரு சமுதாயத்திற்கு இந்தக் கருவிகளின் வரலாறு அயலானதன்று. பிறையின் வயதை அறிந்தால் கடலின் நிலையை அறியலாம் என்ற எளிய உண்மையே இவற்றின் அடிப்படை. அவ்வுண்மை ஐரோப்பாவில் நிலைபெற்றதில் முஸ்லிம் அறிஞர்களுக்கும் பங்குண்டு. அந்தப் பங்கு எதுவரை, எது அதற்கு அப்பாற்பட்டது என்பதை வரையறுத்துக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெடும்பெட்டிக் கடிகாரம் உருவான விதம்

டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656-இல் ஊசலைக் கடிகாரத்தில் பொருத்தினார். அதற்கு முன் நாளொன்றுக்குக் கால் மணி நேரம் அளவில் பிழைபட்ட கடிகாரங்கள், அதன்பின் சில விநாடிகளே பிழைபடும் நிலையை எட்டின. 1658-இல் இலண்டனில் அஹாஸ்வெரஸ் ஃபிரமன்டீல் என்பவர் ஊசல் கடிகாரங்களை விளம்பரப்படுத்தி விற்கத் தொடங்கினார். 1670-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சக்கரத்தின் பற்களை ஒவ்வொன்றாக விடுவிக்கும் நங்கூர வடிவ உறுப்பு புழக்கத்திற்கு வந்தது. ஊசல் சிறு வீச்சில் ஆடினாலே போதும் என்ற நிலையை அது ஏற்படுத்தியது. ஆகவே ஒரு வீச்சுக்கு ஒரு விநாடி எடுத்துக்கொள்ளும், ஏறத்தாழ 99 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசலைப் பயன்படுத்த முடிந்தது. அந்த நீண்ட ஊசலையும், கயிற்றில் தொங்கி இறங்கும் எடைக்கட்டிகளையும் மறைத்துக் காக்க ஆள் உயரத்திற்கு மேற்பட்ட மரப்பெட்டி தேவைப்பட்டது. இன்று 'கிராண்ட்ஃபாதர் கிளாக்' என்று வழங்கப்படுவது இதுவே. அப்பெயர் 1876-இல் வெளியான ஓர் அமெரிக்கப் பாடலால் பரவியது. கடிகாரத்தைச் செய்தவர்கள் அதனை அப்பெயரால் அறிந்ததில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் முதற் கால் பகுதியில் சதுர முகப்பின் மேல் அரைவட்ட வளைவு ஒன்றைச் சேர்க்கும் வழக்கம் தோன்றியது. அந்த வளைவே சந்திரனுக்கு இடமாயிற்று. அதன் பின்புறத்தில் இரண்டு முழுமதிகள் எதிரெதிராக வரையப்பட்ட வட்டத் தகடு ஒன்று சுழலும். தகட்டின் விளிம்பில் 118 பற்கள். பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒரு பல் வீதம் அது நகர்வதால் 59 நாட்களில் ஒரு சுற்று முடியும். அதாவது ஒவ்வொரு மதிக்கும் 29½ நாட்கள். வளைவின் இரு முனைகளிலும் அமைந்த அரைவட்ட மேடுகள் மதியைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்திப் பின் மறைப்பதால் வளர்பிறையும் தேய்பிறையும் கண்முன் நிகழும். பல கடிகாரங்களில் இம்மேடுகளின் மீது உலகின் இரு பாதிகளும் நிலப்படமாகப் பொறிக்கப்பட்டன.

வளைவின் விளிம்பில் 1 முதல் 29½ வரை பிறைநாட்கள் எழுதப்பட்டிருக்கும். உள்நாட்டு ஊர்களின் கடிகாரங்கள் அத்துடன் நின்றன. நிலவொளியில் பயணம் செய்ய வேண்டிய மக்களுக்கு அதுவே போதுமானதாயிருந்தது. துறைமுக நகரங்களின் கடிகாரங்களிலோ பிறைநாட்களை ஒட்டி மற்றொரு வரிசையில் மணிகள் பொறிக்கப்பட்டன. 'பிரிஸ்டல் துறையில் உயர் ஓதம்' என்ற பொருள்படும் வாசகம் அவற்றின் அருகில் இடம்பெற்றது.

கணக்கின் எளிமை

சந்திரன் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடங்கள் தாமதித்து உச்சிக்கு வருகிறது. ஓதமும் அவ்வாறே தாமதிக்கிறது. 29½ நாட்களில் இத்தாமதம் முழுமையாக 24 மணி நேரமாகித் தொடங்கிய இடத்திற்கே திரும்பிவிடும். மாலுமிகள் கணக்கின் எளிமைக்காக நாளொன்றுக்கு 48 நிமிடம், அதாவது ஒரு மணி நேரத்தின் ஐந்தில் நான்கு பங்கு என்று கொண்டனர்.

எஞ்சியது ஒன்றே. அமாவாசை அன்றும் பௌர்ணமி அன்றும் குறித்த துறையில் நீர் உச்சமாக ஏறும் மணி எது? கரையின் வடிவம், ஆழம், ஆற்றுமுகம் ஆகியவற்றைப் பொறுத்து இது துறைக்குத் துறை வேறுபடும். பிரிஸ்டலில் அது ஏறத்தாழ 7 மணி. ஹல் துறையில் ஏறத்தாழ 6. லிவர்பூலில் 11-க்குச் சற்றுப் பின். இந்த ஒரு மணியைத் தெரிந்துகொண்டால் மற்ற நாட்களின் ஓதம் கூட்டல் கணக்காகிவிடும். அமாவாசையன்று 7 மணி என்றால் ஐந்து நாட்கள் கழித்து, ஐந்து முறை 48 நிமிடம் சேர்த்து, 11 மணி. பதினைந்தாம் நாளில் 12 மணி நேரம் கூடி மீண்டும் 7 மணி.

ஆகவே கைவினைஞர் புதிய பொறி எதனையும் அமைக்கத் தேவையில்லை. பிறைநாட்களைக் காட்டும் அதே தகடு ஓதத்தையும் காட்டும். மணிகளை எந்த இடத்திலிருந்து பொறிக்கத் தொடங்குவது என்பது மட்டுமே கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர்கள் தலைநகரின் புகழ்பெற்ற கடிகார மேதைகள் அல்லர். அத்துறையின் படகோட்டிகளும் வழிகாட்டி மாலுமிகளுமே. ஓத முகப்பு அவர்களது அனுபவ அறிவை உலோகத்தில் எழுதிய ஆவணமாகும். வேறு துறைக்குப் பெயரும் வாடிக்கையாளருக்காக, விரும்பிய துறைக்கு ஏற்பத் திருப்பி வைக்கத்தக்க ஓத வளையம் கொண்ட கடிகாரங்களும் செய்யப்பட்டன.

மாகாணக் கைவினைஞர்கள்

இலண்டன் கடிகாரக் கைவினைஞர் சங்கம் 1631-இல் அரச சாசனம் பெற்றது. அதன் ஆட்சி எல்லை தலைநகரைச் சுற்றிப் பத்து மைல் தொலைவு. அதற்கு வெளியே வாழ்ந்தவர்கள் அச்சங்கத்தின் கட்டுப்பாட்டிற்கும் உட்படவில்லை, அதன் புகழிலும் பங்குபெறவில்லை. வரலாற்று நூல்கள் நெடுங்காலம் தலைநகரின் பெயர்களையே திரும்பத் திரும்பப் பேசின. ஆனால் ஓத முகப்பின் வரலாறு பெரும்பாலும் இவ்வெல்லைக்கு வெளியே எழுதப்பட்டது.

கிழக்குக் கரையில் கிங்ஸ் லின் நகரின் புனித மார்கரெட் தேவாலயக் கோபுரத்தில் 1683-இல் தோமஸ் டூ என்ற கைவினைஞர் அமைத்த ஓதக் கடிகாரம் இதற்கு நல்ல சான்று. அதன் முகப்பில் எண்கள் இல்லை. 'லின் உயர் ஓதம்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் பன்னிரண்டு எழுத்துகள் எண்களுக்குப் பதிலாக வட்டமாக நிற்கின்றன. பச்சை நிற யாளி போன்ற உருவத்தின் நாக்கு ஓத நேரத்தைச் சுட்டுகிறது. காலப்போக்கில் பழுதுற்றுப் புதுப்பிக்கப்பட்ட அம்முகப்பு, ஓத நேரம் செல்வர் வீட்டுக் கூடத்தின் அலங்காரமாவதற்கு முன்பே ஊர்ப் பொதுச் சொத்தாக விளங்கியதை உணர்த்துகிறது.

வீட்டுக் கடிகாரங்களில் முகப்பில் பெயர் பொறித்துக்கொண்டவர் ஒருவர். அதைச் செய்த கைகள் பல. வார்ப்புகளையும் சிறு பற்சக்கரங்களுக்கான உலோகத்தையும் லங்காஷயர், பர்மிங்காம் பகுதிகளின் பட்டறைகள் வழங்கின. எழுத்துப் பொறிப்பவர் தனி. பெட்டியைச் செய்த தச்சர் தனி. 1772-இல் பர்மிங்காமில் ஆஸ்பர்ன், வில்சன் ஆகியோர் வண்ணம் தீட்டிய வெண் முகப்புகளை விளம்பரப்படுத்திய பிறகு முகப்பும் வெளியூரிலிருந்து வரத் தொடங்கியது. ஆயினும் ஓத மணி மட்டும் உள்ளூர் அறிவாகவே நீடித்தது. எந்தப் பட்டறையில் முகப்பு தீட்டப்பட்டாலும், 'எங்கள் துறைக்கு இத்தனை மணி' என்று சொல்லி அனுப்ப வேண்டியவர் அவ்வூர்க் கைவினைஞரே.

இவர்களுள் முறையான கல்வியை மிகக் குறைவாகவே பெற்றும் உயர்ந்தவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் ஏழைக் குடும்பத்தில் 1710-இல் பிறந்த ஜேம்ஸ் ஃபெர்குசன் இளமையில் ஆடு மேய்த்தவர். நூலில் கோத்த மணிகளை நகர்த்தி விண்மீன்களின் இடைவெளிகளை அளந்தவர். மரத்தில் கடிகாரம் செய்து பழகிய அவர் 1763-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1773-இல் வெளியிட்ட நூலில் சூரியன், சந்திரன் ஆகியவற்றின் அன்றாட ஓட்டத்துடன் உயர் ஓதம், தாழ் ஓதம் ஆகியவற்றின் நேரத்தையும் காட்டும் கடிகாரத்தை விவரித்தார். எட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை சுழலும் 19 பற்கள் கொண்ட சிறு சக்கரம் இரு பெரிய சக்கரங்களைச் செலுத்துகிறது. 57 பற்கள் கொண்டது சூரியனுக்கு. அது சரியாக 24 மணி நேரத்தில் சுற்றும். 59 பற்கள் கொண்டது சந்திரனுக்கு. அது 24 மணி 50 நிமிடம் 32 விநாடிகளில் சுற்றும். உண்மையான சராசரிச் சந்திர நாளுக்கும் இதற்கும் வேறுபாடு மூன்று அல்லது நான்கு விநாடிகளே. வழக்கமான கடிகாரத்துடன் இரண்டு சக்கரங்களையும் ஒரு சிறு சக்கரத்தையும் சேர்த்துப் பெற்ற துல்லியம் இது.

கடலும் பிறையும்: அறிவின் சங்கிலி

சந்திரனுக்கும் ஓதத்திற்கும் உள்ள தொடர்பு பழங்காலத்தவர் அறிந்ததே. கி.பி. 725-இல் வட இங்கிலாந்துத் துறவி பீட் ஓதத்தின் அன்றாடத் தாமதத்தையும், துறைக்குத் துறை அது வேறுபடுவதையும் எழுதினார். எனினும் இதனை விரிவான கோட்பாடாக வகுத்து இடைக்கால ஐரோப்பாவுக்கு வழங்கியவர்களுள் முதன்மையானவர் பல்கு நகரில் பிறந்து பக்தாதில் வாழ்ந்த அபூ மஃஷர் (787–886). சோதிட சாத்திரத்திற்கு முன்னுரையாக அவர் எழுதிய பெருநூலில் ஓதத்திற்கெனத் தனிப் பகுதிகள் உள்ளன. சந்திரன் அடிவானத்தில் எழுந்து உச்சி நோக்கி உயர நீர் ஏறுவதையும், உச்சியிலிருந்து சாய நீர் வடிவதையும், அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றம் மிகுவதையும் அவர் ஒழுங்குபடுத்தி விளக்கினார். அந்நூல் 1133-இல் செவில் நகர ஜானாலும், 1140-இல் கரிந்தியா நாட்டு ஹெர்மனாலும் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. பின்வந்த ஐரோப்பிய அறிஞர்கள் ஓதம் குறித்துப் பேசும்போது அதனையே ஆதாரமாகக் கொண்டனர்.

அபூ மஃஷரின் சமகாலத்தவரான அல்கிந்தீயும் நீரேற்ற இறக்கத்தின் காரணம் குறித்துத் தனி நூல் எழுதினார். அல்பீரூனீ இந்தியா பற்றிய தமது நூலில் சோமநாதக் கரையின் ஓதத்தைச் சந்திரனுடன் இணைத்து விளக்கினார். பத்தாம் நூற்றாண்டுப் புவியியலாளர் அல்முகத்தஸீ பஸ்ரா நகரின் கால்வாய்களில் வடியும் ஓதநீரால் மாவரைக்கும் ஆலைகள் இயங்கியதைப் பதிவு செய்துள்ளார். எனவே முஸ்லிம் உலகில் ஓதம் ஏட்டறிவாக மட்டுமின்றித் தொழில் அறிவாகவும் இருந்தது.

சந்திரனைப் பற்சக்கரங்களால் காட்டும் கலையும் அங்கு வளர்ந்தது. 'சந்திரப் பேழை' எனப்பட்ட கருவியை அல்பீரூனீ விவரித்துள்ளார். அதில் 59 பற்கள் கொண்ட சக்கரங்கள் இடம்பெறுகின்றன. ஹிஜ்ரி 618-இல் (கி.பி. 1221–22) இஸ்ஃபஹானில் முஹம்மத் இப்னு அபீபக்ர் செய்த விண்கோளக் கருவி இன்று ஆக்ஸ்ஃபோர்டு அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் பின்புறத்தில் பற்சக்கரங்களால் இயங்கும் நாட்காட்டியும், வட்டச் சாளரத்தில் வளர்ந்து தேயும் பிறையும் அமைந்துள்ளன.

இங்குதான் நிதானம் வேண்டப்படுகிறது. அல்பீரூனீயின் 59, ஃபெர்குசனின் 59, நெடும்பெட்டிக் கடிகாரத்தின் 118 ஆகியவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, பின்னவை முன்னதிலிருந்து பெறப்பட்டவை என்று கூறும் ஆவல் எழுவது இயல்பு. நம்மிடையே அத்தகைய முழக்கங்களுக்குக் குறைவில்லை. ஆனால் செய்தியை ஏற்கும் முன் அறிவிப்பாளர் தொடரை ஆராய வேண்டும் என்பது நமது மரபே உலகுக்கு வழங்கிய ஒழுங்கு. அந்த ஒழுங்கை இங்கே பொருத்திப் பார்த்தால் இரு வேறு முடிவுகள் கிடைக்கின்றன. அபூ மஃஷரின் ஓதக் கோட்பாட்டிற்குத் தொடர் உண்டு. மொழிபெயர்ப்பாளரின் பெயரும் ஆண்டும் தெரியும். அல்பீரூனீயின் சக்கரத்திலிருந்து பிரிஸ்டல் கைவினைஞரின் பட்டறைக்குச் செல்லும் தொடரோ நம் கையில் இல்லை. 59 என்ற எண்ணை இருவருக்கும் கற்பித்தது வானத்துச் சந்திரனே. இரண்டு சந்திர மாதங்களுக்கு 59 நாட்கள் என்பதைக் கண்டவர் எவரும் அந்த எண்ணிக்கையில் பற்களை வெட்டியிருப்பார். உரிமை கோருவதற்கும் ஒற்றுமையைக் கண்டு வியப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பேணுவது முன்னோரின் பெருமையைக் குறைக்காது, நிலைநிறுத்தவே செய்யும்.

44 நிமிடப் பிழை

உண்மையான சந்திர மாதத்தின் சராசரி 29.53059 நாட்கள். கடிகாரத் தகடோ 29½ நாட்களில் சுற்றை முடித்துவிடும். மாதத்திற்கு 44 நிமிட வேறுபாடு. ஓராண்டில் ஏறத்தாழ 9 மணி. இரண்டரை ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஒரு நாள். அப்போது உரிமையாளர் தகட்டைக் கையால் திருத்தி வைக்க வேண்டும்.

இதே 44 நிமிடத்தை முஸ்லிம் வானியலாளர் நாட்காட்டிக் கணக்கில் எதிர்கொண்டனர். 29, 30 என மாறி மாறி மாதங்களை வகுத்தால் சராசரி 29½ ஆகிறது. எஞ்சும் சிறு பின்னம் முப்பது ஆண்டுகளின் 360 மாதங்களில் 11 நாட்களாகத் திரள்கிறது. அதனால் முப்பது ஆண்டுகளில் 11 ஆண்டுகளுக்கு ஒரு நாள் கூட்டும் முறையை அவர்கள் வகுத்தனர். ஒரே பிழையைக் கைவினைஞர் விரலால் திருத்தினார். கணித அறிஞர் விதியால் திருத்தினார். இரு கணக்குகளும் அமாவாசை நேரத்தையோ சராசரி மாதத்தையோ சார்ந்தவை என்பதையும், கண்ணால் காணும் பிறையுடன் அவை எப்போதும் ஒத்துப்போகா என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

ஓதத்தில் இன்னொரு குறைபாடும் உண்டு. அன்றாடத் தாமதம் எல்லா நாட்களிலும் சமமன்று. அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி அது குறைவு. இடைப்பட்ட அரைமதி நாட்களில் ஒரு மணி நேரத்தையும் மிஞ்சும். காற்றும் ஆற்று வெள்ளமும் வேறு. ஆகவே ஓத முகப்பு உரைத்தது ஏறத்தாழ நேரமே. அதனை வாங்கியவர்களும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

தமிழ்க் கரைகளில் இத்தகைய முகப்புக்குத் தேவை எழவில்லை. சோழமண்டலக் கரையில் நீரின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு உட்பட்டதே. ஆயினும் தமிழ்மொழி அத்தொடர்பை அறியாததன்று. 'உவா' என்ற பழஞ்சொல் பௌர்ணமி, அமாவாசை இரண்டையும் குறிக்கும். வெள்ளுவா, காருவா எனப் பிரித்தும் வழங்கும். தோற்றத்தில் நேரெதிரான இரு நாட்களை ஒரே பெயரால் அழைப்பது, கடல் அவ்விரு நாட்களிலும் ஒரே விதமாகப் பொங்குவதை அறிந்தவர்க்கு விந்தையாகத் தோன்றாது.

கடிகாரத்தின் முன் நின்றவர்கள்

பிரிஸ்டல் கடலிலிருந்து உள்ளே, ஏவன் ஆற்றின் வளைவுகளுக்கு அப்பால் அமைந்த துறை. ஆற்று முகத்தில் பேரோத நாட்களில் நீர் 12 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். உலகின் மிகப்பெரிய ஓதங்களுள் இதுவும் ஒன்று. நீர் வடிந்தபின் நகரின் நடுவே கப்பல்கள் சேற்றில் அமர்ந்துவிடும். ஏற்றத்தைத் தவறவிட்ட கப்பல் அடுத்த ஏற்றம் வரை அசையாது. எனவே வணிகரின் கூடத்தில் நின்ற ஓத முகப்பு வெறும் அணிகலன் அன்று. பணம், சரக்கு, மனிதர் ஆகிய அனைத்தின் புறப்பாட்டையும் அளந்த கருவி.

மனிதரும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. 1698 முதல் 1807 வரை இத்துறையிலிருந்து இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட அடிமை வணிகப் பயணங்கள் புறப்பட்டன. இந்த ஓதத்தில் இறங்கிச் சென்ற கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை ஏற்றி அமெரிக்கத் தோட்டங்களில் இறக்கின. அட்லாண்டிக் கடந்து இவ்வாறு விற்கப்பட்டோரில் செனிகாம்பியா முதலிய பகுதிகளைச் சேர்ந்த, குர்ஆனை ஓதவும் பிறையை எண்ணவும் கற்ற முஸ்லிம்களும் இருந்தனர். செல்வர் வீட்டு வளைவில் புன்னகைக்கும் முகத்துடன் தீட்டப்பட்ட அதே சந்திரனைக் கொண்டு அவர்கள் ரமளானை எதிர்பார்த்திருப்பர். கைவினைஞரின் திறமையைப் போற்றும்போது அத்திறமை யாருக்குப் பயன்பட்டது என்ற வினாவை ஒதுக்கிவைப்பது வரலாறு ஆகாது.

மறைவு

ஓத முகப்பை வீழ்த்தியது ஒரு காரணம் மட்டுமன்று. லிவர்பூலில் துறை அதிகாரி வில்லியம் ஹட்சின்சன் 1764 முதல் 1793 வரை ஓதங்களை அளந்து குறித்தார். அவரது பதிவுகளையும், 1740-இல் தானியேல் பெர்னூலி வெளியிட்ட கோட்பாட்டையும் கொண்டு ஹோல்டன் குடும்பத்தார் 1770 முதல் ஓத அட்டவணைகளை அச்சிட்டனர். 1833-இல் பிரிட்டிஷ் கடற்படைத் துறையின் அட்டவணை வெளிவந்தது. சில காசுகளுக்குக் கிடைத்த அச்சுத்தாள் விலையுயர்ந்த முகப்பைவிடச் சரியாகச் சொன்னது.

1797-இல் அரசு கடிகாரங்களின் மீது விதித்த வரி மறு ஆண்டே நீக்கப்பட்டது. அதற்குள் பல பட்டறைகள் நொடித்தன. பிரிஸ்டலில் 1804–1809 காலத்தில் வில்லியம் ஜெசப் ஆற்று நீரை மதகுகளால் தேக்கி, கப்பல்கள் எப்போதும் மிதக்கும் துறையை அமைத்தார். கிரீன்விச்சுக்குப் பத்து நிமிடம் பிந்திய தன் உள்ளூர் நேரத்தை அந்நகரம் 1852-இல் கைவிட்டு இரயில்வே நேரத்தை ஏற்றது. 1842 முதல் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய மலிவான கடிகாரங்கள் எஞ்சிய கைவினைஞரின் தொழிலையும் முடித்துவைத்தன.

இன்று அருங்காட்சியகங்களிலும் பழம்பொருள் சேகரிப்பாளர் இல்லங்களிலும் நிற்கும் இக்கடிகாரங்கள் பலவற்றில் ஊசல் இன்றும் ஆடுகிறது. சந்திரத் தகடும் நாளுக்கு இரு பற்கள் நகர்கிறது. அவற்றின் ஓத மணிகளைப் பார்த்துப் புறப்படும் கப்பல் எதுவுமில்லை. ஆயினும் பக்தாதின் அறிஞர், அவரது நூலைப் பெயர்த்த இலத்தீன் ஏடுகள், பெயர் பதிவாகாத படகோட்டி, பித்தளையில் எண் வெட்டிய கைவினைஞர் ஆகிய அனைவரும் ஒரே வானத்தைப் பார்த்து ஒரே கணக்கைப் பயின்றனர் என்பதற்கு அவை சான்று பகர்கின்றன. அவரவர்க்கு உரிய பங்கை, கூட்டாமலும் குறைக்காமலும் வழங்குவதே அறிவுக்கு நாம் செலுத்தும் அமானிதமாகும்.